சர்க்யூட் சரியான முனைக்குத்தான் போகிறதா? ஒளியிழை வலையமைப்பில் பாத் டிரேஸ்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஒளியிழைப் பரிமாற்றக் கருவிகளில் பாத் டிரேஸ் (சமிக்ஞை எந்த முனையிலிருந்து வந்தது என்று பெறும் முனை சரிபார்க்கும் வசதி) அமைப்பது பற்றி இம்முறை பல கடிதங்கள் வந்திருக்கின்றன. கேள்விகள் ஒன்றையொன்று தொடர்ந்து செல்வதால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: நான் ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தின் பரிமாற்றப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பொறியாளர். எங்கள் எஸ்டிஎம்-16 வளையத்தில், இடைநிலையம் ஒன்றின் கிராஸ் கனெக்டில் (சர்க்யூட்டுகளை ஒரு போர்ட்டிலிருந்து மற்றொன்றுக்கு இணைக்கும் பகுதியில்) இரண்டு விசி-4 சர்க்யூட்டுகள் ஒன்றின் இடத்தில் மற்றொன்றாக மாறி இணைக்கப்பட்டிருந்தன. ஒளியின் அளவு சரியாக இருந்தது, பிழைக் கணக்கு சுழியாக இருந்தது, ஓர் அலாரம்கூட எழவில்லை. வாடிக்கையாளர் சொன்ன பிறகே எங்களுக்குத் தெரிந்தது. இத்தனை கண்காணிப்பு வசதி உள்ள கருவி இதை ஏன் சொல்லவில்லை?

பதில்: கருவியிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்டு வைக்கவில்லை என்பதே காரணம். உங்கள் வளையம் இயங்கும் எஸ்.டி.எச். என்ற பரிமாற்ற முறையில், சுமையை ஏற்றிச் செல்லும் பெட்டகமான விசி-4 ஒவ்வொன்றுக்கும் ஒன்பது பைட் கொண்ட ஒரு தலைப்பகுதி உண்டு. அதில் பி3 பைட் பிழைகளை எண்ணுகிறது. அனுப்பிய முனையில் கணக்கிட்ட இணை எண்ணும் (பிழை காண உதவும் பாரிட்டி), வந்த முனையில் கணக்கிட்ட இணை எண்ணும் ஒத்துப்போனால் அதற்குப் போதும். அனுப்பியவர் யார் என்பது அதன் கணக்கில் வராது. சி2 பைட் உள்ளே இருக்கும் சுமை எந்த வகையைச் சேர்ந்தது என்று சொல்கிறது. உங்கள் இரண்டு சர்க்யூட்டுகளும் ஒரே வகைச் சுமையை எடுத்துச் சென்றிருந்தால், அவை இடம் மாறியதும் சி2 பைட்டில் எந்த மாற்றமும் தெரிந்திருக்காது. ஆக, தூய்மையான இரண்டு சமிக்ஞைகள் தவறான இரண்டு முனைகளுக்குத் தூய்மையாகவே போய்ச் சேர்ந்திருக்கின்றன.

அனுப்பியவர் யார் என்பதைச் சொல்வதற்கென்றே ஒதுக்கப்பட்டது ஜே1 பைட்; பாத் டிரேஸ் நடப்பது அதன் வழியேதான். விசி-4 தலைப்பகுதியின் முதல் பைட் அதுதான். சட்டகத்தில் உள்ள பாயின்டர் சுட்டுவதும் அதன் இடத்தைத்தான். ஒரு சட்டகத்தின் நீளம் 125 மைக்ரோ வினாடி, அதாவது வினாடிக்கு 8000 சட்டகங்கள். ஒவ்வொரு சட்டகத்திலும் ஓர் எழுத்தாக, 16 பைட் கொண்ட ஓர் அடையாளத் தொடரை அனுப்பும் முனை ஓயாமல் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கிறது; ஒரு முறை முழுத் தொடரும் வந்து சேர 2 மில்லி வினாடி ஆகிறது. உறையின் மேல் எழுதும் அனுப்புநர் முகவரியைப் போன்றது அது. ஆனால் அந்த முகவரியைப் படித்து, இவரிடமிருந்துதான் எனக்கு வர வேண்டும் என்று ஒப்பிடும் வேலையைப் பெறும் முனைக்கு நாம் தனியே கொடுக்க வேண்டும். பல கருவிகளில் இந்த ஒப்பீடு தொடக்கத்தில் அணைந்த நிலையில் இருக்கும், அடையாளத் தொடரும் வெறுமையாகவோ எல்லாப் போர்ட்டுகளுக்கும் ஒன்றாகவோ இருக்கும். உங்கள் வளையத்திலும் அப்படியே விட்டிருப்பார்கள் என்று தோன்றுகிறது.

அடையாளத் தொடர் ஏற்கெனவே இருந்திருந்தால், தவறு நடந்த நிலையத்தைக் கண்டுபிடிப்பதும் எளிதாகியிருக்கும். விசி-4 அளவில் மட்டும் மாற்றி இணைக்கும் இடைநிலையங்கள் ஜே1 பைட்டைத் தொடாமல் அப்படியே கடத்துகின்றன. ஆகவே, அந்த வசதியுள்ள கார்டுகளில், போக்குவரத்துக்கு இடையூறு செய்யாமல் அதை வழியிலேயே படித்துப் பார்க்கலாம். தொடக்க முனையிலிருந்து ஒவ்வொரு நிலையமாகப் படித்துக்கொண்டே போனால், உள்ளே நுழையும்போது சரியாக இருந்த தொடர் எந்த நிலையத்திலிருந்து வெளியேறும்போது வேறாகிறதோ, அந்த நிலையத்தின் கிராஸ் கனெக்டில்தான் தவறு இருக்கிறது.

கேள்வி: பாத் டிரேஸ் அமைப்பதற்குச் சரியான வரிசை எது? எங்கள் மேலாளர், வந்து சேரும் தொடரை அப்படியே எதிர்பார்க்கும் தொடராக எடுத்துக்கொள்ளும் தானியங்கி முறையைப் போட்டுவிடச் சொல்கிறார். அது போதுமா?

பதில்: போதாது. இந்தப் பகுதி முழுவதிலும் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதையே. சிஸ்கோ நிறுவனத்தின் ஓ.என்.எஸ். 15454 போன்ற கருவிகளில் தானியங்கி, கைமுறை என்று இரண்டு முறைகள் உண்டு. தானியங்கி முறையில், பெறும் முனை தனக்கு முதலில் வந்து சேரும் தொடரையே அளவுகோலாக வைத்துக்கொண்டு, பிறகு அது மாறினால் மட்டும் அலாரம் எழுப்புகிறது. சர்க்யூட் முதல் நாளே தவறாக இணைக்கப்பட்டிருந்தால், அந்தத் தவறையே சரியென்று பதிவு செய்துகொண்டு, பின்னால் ஒருவர் வந்து இணைப்பைத் திருத்தும்போது அது அலாரம் எழுப்பும். சரிபார்த்து முடித்த சர்க்யூட்டில் பின்னாளில் ஏற்படக்கூடிய மாற்றத்தைக் காண அந்த முறை உதவும். முதல் சரிபார்ப்புக்கு அது உதவாது. எதிர்பார்க்கும் தொடர் உங்கள் சர்க்யூட் பதிவேட்டிலிருந்து வர வேண்டும். திரையில் வந்து நிற்கும் எழுத்துகளிலிருந்து வரக் கூடாது. இரண்டும் தனித்தனி ஊற்றுகளாக இருந்தால்தான் ஒப்பீடு என்பதற்கே பொருள் உண்டு.

வரிசையைப் பொறுத்தவரை, முதலில் இரு முனைகளிலும் அனுப்பும் தொடரை மட்டும் அமையுங்கள். ஒப்பீட்டை இப்போதைக்கு அணைத்தே வையுங்கள். அடுத்து, இரு முனைகளிலும் வந்து சேரும் தொடரைத் திரையில் படித்து, பதிவேட்டோடு கண்ணால் ஒப்பிடுங்கள். அது சரியாக இருந்தால், பதிவேட்டில் உள்ளபடி எதிர்பார்க்கும் தொடரைக் கைமுறையில் பதிந்து ஒப்பீட்டை இயக்குங்கள். இப்போது தொடர் பொருந்தாவிட்டால் டி.ஐ.எம். என்ற அலாரம் எழும். அலாரம் எழுந்ததும் கருவி வேறென்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைசியாகத் தீர்மானியுங்கள். இந்தக் கடைசிப் படியில்தான் பலரும் இடறுகிறார்கள்.

டி.ஐ.எம். கண்டதும், கருவி முன்னோக்கி ஏ.ஐ.எஸ். என்ற பழுது அறிவிப்புச் சமிக்ஞையைச் செலுத்திச் சுமையை வெட்டிவிடவும், ஜி1 பைட் வழியே எதிர் முனைக்கு ஆர்.டி.ஐ. என்ற அறிவிப்பை அனுப்பவும் தரநிலையில் இடமுண்டு. எதிர்பார்க்கும் தொடரில் ஓர் எழுத்தைத் தவறாகத் தட்டினால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் சர்க்யூட் அந்தக் கணமே நின்றுவிடும். இதனால்தான் அந்த விளைவை மட்டும் தனியே அணைத்துவைக்கும் வசதி தரப்பட்டிருக்கிறது. ஓடும் சர்க்யூட்டில் வேலை செய்யும்போது அதை முதலில் அணைத்துவிட்டு, இரு திசைகளிலும் அலாரம் இல்லை என்று உறுதியான பிறகே, தேவைப்படும் சர்க்யூட்டுகளில் மட்டும் இயக்க வேண்டும். தொடரை மாற்றும்போதும் இதே கவனம் வேண்டும். எதிர் முனையில் விளைவை அணைக்காமல் இந்த முனையில் அனுப்பும் தொடரை மாற்றினால், வெட்டுவது நாமாகவே இருப்போம்.

இரு முனைகளும் ஒரே தொடரை அனுப்பக் கூடாது. சோதனைக்காகப் போட்ட லூப்பை எடுக்க மறந்துவிட்டால், நீங்கள் அனுப்பும் தொடரே உங்களிடம் திரும்பி வரும். இரு திசைகளுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால், அது நீங்கள் எதிர்பார்க்கும் தொடரோடு அழகாகப் பொருந்தி, எல்லாம் சரி என்று காட்டும். அனுப்பும் நிலையத்தின் குறி தொடரில் இருந்துவிட்டால் இந்தக் குழப்பம் எழாது.

கேள்வி: அடையாளத் தொடரில் என்ன எழுத வேண்டும்? தமிழில் எழுதலாமா? எங்கள் பழைய பதிவுகளில் வாடிக்கையாளர் பெயரே இருக்கிறது.

பதில்: தமிழ் எழுத்துகளுக்கு அதில் இடமில்லை, ஆங்கில எழுத்துகள், எண்கள், சில குறியீடுகள் கொண்ட ஏழு பிட் எழுத்துத் தொகுதியையே தரநிலை ஏற்கிறது. 16 பைட் தொடரில் முதல் பைட், தொடரின் தொடக்கத்தைக் குறிக்கவும் பிழை சரிபார்க்கவும் போய்விடுவதால், நம் கையில் இருப்பது 15 எழுத்துகள். நிலையக் குறிக்கு 4, ஸ்லாட்டுக்கு 2, போர்ட்டுக்கு 2, விசி-4 எண்ணுக்கு 2, பதிவேட்டின் சர்க்யூட் எண்ணுக்கு 5 என்று பிரித்தால் கணக்கு சரியாக முடிந்துவிடுகிறது. எஸ்டிஎம்-64 போர்ட்டில்கூட 64 விசி-4 மட்டுமே என்பதால் அதற்கு இரண்டு இலக்கம் போதும்.

வாடிக்கையாளர் பெயரை நான் பரிந்துரைக்க மாட்டேன். தொடர் மறைக்குறியீடு இல்லாமல் திறந்த எழுத்தில் போகிறது. சர்க்யூட் வேறு நிறுவனத்தின் வலையமைப்பைக் கடந்து சென்றால், அங்குள்ளவர்கள் யார் வேண்டுமானாலும் அதைப் படிக்கலாம். மேலும், வாடிக்கையாளர் மாறுவார், போர்ட் மாறாது.

வட அமெரிக்க சோனெட் முறையில் தொடர் 64 பைட் கொண்டது. முடிவில் இரண்டு பைட்டுகள் வரி முடிவைக் குறிக்க, 62 எழுத்துகள் மிஞ்சுகின்றன. ஒரு முனையில் 64 என்றும் மறு முனையில் 16 என்றும் அமைந்திருந்தால், இணைப்பு சரியாக இருந்தாலும் டி.ஐ.எம். எழும். ஒரே நீளத்தில் அமைத்த பிறகும் அலாரம் போகவில்லையா? தொடரின் மிச்ச இடங்களை ஒரு கருவி வெற்றிடக் குறியாலும், மற்றொன்று சுழியாலும் நிரப்புகிறதா என்று பாருங்கள். 15 எழுத்துகளையும் முழுதாகப் பயன்படுத்திவிடுவது இந்தத் தொல்லையைத் தவிர்க்க நல்ல வழி.

கேள்வி: நான் உயர் மின்னழுத்தத் துணைமின் நிலையம் ஒன்றில் பாதுகாப்பு ரிலே பிரிவில் பணியாற்றுகிறேன். மின்கோபுரங்களின் மேல் செல்லும் ஓ.பி.ஜி.டபிள்யூ. (தரைக்கம்பிக்குள் பொதிந்த) ஒளியிழையில் இயங்கும் எஸ்.டி.எச். கருவி வழியாக எங்கள் லைன் டிஃபரன்ஷியல் ரிலேக்கள் ஒன்றோடொன்று பேசுகின்றன. ஜே1 அமைத்திருக்கிறோம். தவறான இணைப்பிலிருந்து இது எங்களைக் காக்குமா?

பதில்: ஓரளவுதான் காக்கும். எந்த அளவு என்பதைத் தெளிவாகத் தெரிந்துகொள்வது உங்கள் பணியில் மிக முக்கியம். டிஃபரன்ஷியல் ரிலே இரு முனை மின்னோட்டங்களையும் ஒரே கணத்தில் ஒப்பிட்டு, வேறுபாடு இருந்தால் லைனில் பழுது என்று முடிவு செய்து பிரேக்கரைத் திறக்கிறது. வேறொரு லைனின் மின்னோட்ட அளவு அதற்கு வந்து சேர்ந்தால், பழுதில்லாத லைனை அது துண்டித்துவிடலாம்.

ஒரு விசி-4 பெட்டகத்துக்குள் 63 விசி-12 சர்க்யூட்டுகள் அடங்கும். உங்கள் ரிலே பயன்படுத்துவது அவற்றில் ஒரு 2 மெகாபிட் சர்க்யூட்டை, பெரும்பாலும் அதற்குள்ளும் ஒரு 64 கிலோபிட் காலத்துண்டை. ஜே1 தன் பெட்டகம் திறக்கப்படும் இடம் வரைதான் சாட்சி சொல்லும். துணைமின் நிலைய வலையமைப்புகளில் ஒவ்வொரு நிலையத்திலும் விசி-4 திறக்கப்பட்டு, விசி-12 அளவில் மாற்றி இணைக்கப்படுவது வழக்கம். அங்கே இரண்டு விசி-12 இடம் மாறினால், ஒவ்வொரு தாவலிலும் ஜே1 சரியாகவே இருக்கும். இதற்கு விசி-12க்கு உரிய ஜே2 பைட்டை முனைக்கு முனை அமைக்க வேண்டும். விசி-12இன் பல்சட்டகம் (நான்கு சட்டகங்களின் தொகுதி) 500 மைக்ரோ வினாடி என்பதால், 16 பைட் தொடர் ஒரு முறை வந்து சேர 8 மில்லி வினாடி ஆகும். பிட் பிழையை இணைப்புத் தவறு என்று எண்ணிவிடாமலிருக்கக் கருவி தொடரைப் பல முறை பார்த்தே முடிவு செய்யும். ஆக, ஜே2 அலாரம் எழுவதற்குள் ரிலே தன் முடிவை எடுத்துவிட வாய்ப்புண்டு. 2 மெகாபிட்டுக்குள் காலத்துண்டுகள் இடம் மாறினால், ஜே2க்கும் தெரியாது. இந்த இரண்டு காரணங்களாலும், ரிலேயிலேயே உள்ள முகவரி ஒப்பீட்டை, ஒவ்வொரு ரிலே இணைக்கும் வெவ்வேறு முகவரி கொடுத்து, கட்டாயம் இயக்கி வையுங்கள்.

இன்னொரு ஆபத்து இதைவிட நுட்பமானது. பாத் டிரேஸ், சமிக்ஞை யாரிடமிருந்து வந்தது என்று சொல்லும்; எந்த வழியாக வந்தது என்று சொல்லாது. ஒரு வழி பழுதானால் சமிக்ஞையை மறு வழிக்கு மாற்றும் எஸ்.என்.சி.பி. பாதுகாப்பு, வழக்கமாக ஒவ்வொரு திசையையும் தனித்தனியே மாற்றக்கூடியது. போகும் திசை நேர் வழியில் 100 கிலோமீட்டரும், வரும் திசை வளையத்தின் மறுபக்கமாக 400 கிலோமீட்டரும் பயணிக்கும் நிலை வந்தால், இரு முனைகளிலும் ஜே2 தொடர் அப்படியே பொருந்தி நிற்கும், ஓர் அலாரமும் இராது. ஒளியிழையில் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 5 மைக்ரோ வினாடி என்று கொண்டால், இரு திசைகளுக்கும் இடையே 1500 மைக்ரோ வினாடி வேறுபாடு. போய்வரும் நேரத்தில் பாதியை ஒரு வழித் தாமதமாகக் கொள்ளும் ரிலே, இதனால் 750 மைக்ரோ வினாடி தவறாகக் கணிக்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது 13.5 பாகை. இரு முனைகளிலும் ஒரே மின்னோட்டம் ஓடினாலும், ரிலேயின் கணக்கில் அதன் 23 விழுக்காட்டுக்கும் மேலான பொய் வேறுபாடு தோன்றும். லைனில் சுமை கூடும்போதும் வெளியே பழுது நேரும்போதும் இந்தப் பொய் வேறுபாடும் சேர்ந்து வளரும்.

எனவே ரிலே சர்க்யூட்டுகளில் இரு திசைகளும் ஒன்றாகவே வழி மாறும்படி அமைக்க வேண்டும்; அது இயலாவிட்டால், அந்தச் சர்க்யூட்டுக்கு எஸ்.என்.சி.பி. பாதுகாப்பை எடுத்துவிட்டு, வேறு வழியில் செல்லும் இரண்டாவது சேனலை ரிலேக்கே கொடுத்துவிடுவது மேல். ஜி.பி.எஸ். நேரத்தைக் கொண்டு ஒத்திசையும் ரிலே என்றால் இந்தச் சிக்கல் பெரிதும் குறையும், ஆனால் ஜி.பி.எஸ். இழக்கப்படும்போது அது என்ன செய்யும்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள்.

முந்தைய பதிலில் விளைவைத் தேவைப்படும் சர்க்யூட்டுகளில் மட்டும் இயக்குங்கள் என்றேன். உங்களுடையது அந்த வகை. தவறான அளவு வருவதைவிட எதுவும் வராமல் இருப்பதே ரிலேக்கு நல்லது. டி.ஐ.எம். எழுந்ததும் ஏ.ஐ.எஸ். வந்தால், ரிலே சேனல் போய்விட்டது என்று உணர்ந்து டிஃபரன்ஷியல் செயலைத் தடுத்துக்கொள்ளும். தன் முனையின் அளவுகளைக் கொண்டே இயங்கும் டிஸ்டன்ஸ் பாதுகாப்பு பொறுப்பை ஏற்கும்.

கேள்வி: ஜே0 என்றும் ஒன்று இருக்கிறதே, அது எதற்கு?

பதில்: அடுத்தடுத்த இரண்டு கருவிகளுக்கு இடைப்பட்ட ஒளியிழைத் துண்டுக்கு. சமிக்ஞையை மீட்டெடுத்து அனுப்பும் ஒவ்வொரு ரீஜெனரேட்டரிலும் அது முடிந்து புதிதாகத் தொடங்குகிறது. ஒளியிழைகளை இணைக்கும் ஓ.டி.எஃப். பலகையில் பேட்ச் கார்டை (இணைப்பு இழையை) இடம் மாற்றிச் செருகினால் முதலில் சொல்வது அதுதான். அந்த இடத்தில் முன்பு சி1 என்ற பைட் இருந்ததால், மிகப் பழைய கருவிகள் 16 பைட் தொடரை அனுப்பாமல் ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப அனுப்பும். அவற்றோடு இணையும் போர்ட்டில் ஜே0 ஒப்பீட்டை அணைத்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் முதுகெலும்பு வலையமைப்பு இப்போது 100 ஜி ஓ.டி.என். (எஸ்.டி.எச்.சுக்குப் பின் வந்த ஒளியிழைப் பரிமாற்ற முறை) கருவிகளில் இயங்குகிறது. அங்கேயும் இதே முறைதானா?

பதில்: அடிப்படை அதுவே, வசதிகள் கூடியிருக்கின்றன. ஐ.டி.யூ.-டி அமைப்பின் ஜி.709 பரிந்துரையின்படி, ஓ.டி.என். முறையின் அடையாளத் தொடர் 64 பைட் கொண்டது. முதல் 16 பைட் அனுப்பும் முனையின் அடையாளம், அடுத்த 16 பைட் சென்று சேர வேண்டிய முனையின் அடையாளம், கடைசி 32 பைட் நிறுவனம் தன் விருப்பம்போல் எழுதிக்கொள்வதற்கு. சேர வேண்டிய முனையும் எழுதப்பட்டிருப்பதால், தனக்கு வந்தது தனக்குரியதுதானா என்று பெறும் முனை நேரடியாகப் பார்த்துக்கொள்ளலாம். எதை ஒப்பிட வேண்டும் என்பதை நாமே தேர்ந்தெடுக்கிறோம். நான் இரண்டையும் ஒப்பிடவே சொல்வேன். 100 ஜி சுமைக்கான பெட்டகமான ஓ.டி.யூ.4இன் சட்டகம் 1.168 மைக்ரோ வினாடி மட்டுமே என்பதால், 64 பைட்டும் ஏறத்தாழ 75 மைக்ரோ வினாடியில் வந்துவிடுகின்றன.

எந்த அடுக்கில் அமைப்பது என்பதுதான் இங்கே யோசிக்க வேண்டியது. எஸ்.எம். அடுக்கு, சமிக்ஞை மின்வடிவில் மீட்டெடுக்கப்படும் இரண்டு இடங்களுக்கு இடையே உள்ளதைச் சொல்கிறது. இடையில் ரோடம் நிலையங்கள் எத்தனை இருந்தாலும், அவை அலைநீளத்தை ஒளியாகவே திருப்பி விடுவதால், இரு முனை டிரான்ஸ்பாண்டர்களுக்கு இடையே எஸ்.எம். தொடர் மாறாமல் செல்லும். பி.எம். அடுக்கு, ஓ.டி.யூ. சுமையின் முனைக்கு முனை. ஓர் ஓ.டி.யூ.4க்குள் ஓ.டி.யூ.0 என்ற சிறு பெட்டகங்கள் 80 வரை அடங்கும்; அவற்றில் இரண்டு இடம் மாறினால், வெளி அடுக்கில் எதுவும் தெரியாது. விசி-12 பற்றி மேலே சொன்னது இங்கும் அப்படியே பொருந்தும். அந்தந்த ஓ.டி.யூ.0க்கும் பி.எம். தொடர் அமைத்தாக வேண்டும். சர்க்யூட் வேறு நிறுவனத்தின் வழியாகச் செல்லும் பகுதியைத் தனியே கண்காணிக்க டி.சி.எம். என்ற ஆறு அடுக்குகள் உள்ளன. எந்த எண்ணை யார் பயன்படுத்துவது என்று இரு நிறுவனங்களும் எழுத்தில் ஒப்புக்கொள்ளாமல் அவற்றைத் தொடாதீர்கள். ஒருவர் எழுதியதன் மேல் மற்றவர் எழுதிவிடுவார்.

கேள்வி: நாங்கள் எஸ்.டி.எச். கருவிகளை நீக்கிவிட்டு தரவைப் பொட்டலங்களாக அனுப்பும் எம்.பி.எல்.எஸ்.-டி.பி., ஈதர்நெட் வலையமைப்புக்கு மாறவிருக்கிறோம். இனி பாத் டிரேஸ் தேவையில்லை என்று விற்பனையாளர் சொல்கிறார். சரியா?

பதில்: ஜே1, ஜே2 பைட்டுகள் இராது என்ற அளவில் சரி. தவறான முனைக்கு இணைக்கும் வாய்ப்பு அப்படியே இருக்கிறது, ஆகவே கண்காணிப்பும் இருந்தாக வேண்டும். ஈதர்நெட்டில் அந்த வேலையை ஒய்.1731 பரிந்துரையிலும் 802.1ஏஜி தரநிலையிலும் சொல்லப்படும் சி.சி.எம். என்ற தொடர்பு சரிபார்ப்புச் செய்திகள் செய்கின்றன. ஒவ்வொரு செய்தியிலும் கண்காணிப்புக் குழுவின் அடையாளமும் அனுப்பும் முனையின் எண்ணும் இருக்கும். குழு அடையாளம் பொருந்தாவிட்டால், வேறொரு சர்க்யூட் இதில் வந்து கலந்திருக்கிறது என்றும், குழு சரியாக இருந்து முனை எண் பட்டியலில் இல்லாவிட்டால், எதிர்பாராத முனை என்றும் கருவி தனித்தனியாகச் சொல்லும். செய்தி அனுப்பும் இடைவெளியை 3.33 மில்லி வினாடி வரை குறைக்கலாம்.

முனை எண் 1 முதல் 8191 வரை இருக்கலாம். எல்லாச் சர்க்யூட்டிலும் ஒரு முனைக்கு 1, மறு முனைக்கு 2 என்று வைத்துவிட்டு, குழுவின் அடையாளத்தையும் ஒன்றாகவே விட்டுவிட்டால், இரண்டு சர்க்யூட்டுகள் இடம் மாறியது தெரியவே தெரியாது. கருவிகளை மாற்றும் இரவில் அவசரமாகச் செய்யும் வேலையாக இதை விட்டுவிடாமல், இப்போதுள்ள சர்க்யூட் பதிவேட்டின் எண்களைக் கொண்டே குழு அடையாளங்களை முன்கூட்டியே எழுதி முடித்துவிடுங்கள். பழைய சர்க்யூட்டுகளின் ஜே1, ஜே2 தொடர்களை அணைப்பதற்கு முன் ஒரு முறை படித்து, அந்தப் பதிவேடு உண்மைதானா என்பதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.